அவைக்குறிப்பு

காலியாரி. நவம்பர். விடாத மழை.
மூன்றாம் குழுக் கூட்டம், பொருள் எண் ஏழு:
கணைய ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஒரு மனு.
பொருள் ஆறு, ஆட்டுப்பட்டி வேலிக்கு மானியம்,
ஒன்றரை மணி நேரத்தை மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

என் வேலை, காதில் விழுவதை எழுதுவது.
இருமலை எழுதுவதில்லை.
சிரிப்பை மட்டும், பலர் சிரித்தால்,
அடைப்புக்குறிக்குள் போடலாம்.
இருபத்திரண்டு வருடம் இதே மேசை.
இந்தத் தீவின் வாய்கள் பலவும்
என் விரல்களுக்குள் நுழைந்து வெளியேறியிருக்கின்றன.

மனுதாரர் கிரேகா தெயானா,
ஓலியேனாவில் ரொட்டி சுடுபவர்.
பக்கத்தில் மகன் எலியா,
காதையும் புருவத்தையும் விழுங்கிய கம்பளித் தொப்பிக்குள்
ஒன்பது வயது.

உறுப்பினர் ஃபெனு கெட்டவரில்லை.
கனிவாகத்தான் கேட்டார்:
‘பிள்ளைக்குச் செல்லம் அதிகமோ? நிறைய இனிப்போ?’

(சிரிப்பு.)

‘பதினாலாம் மாதத்தில் வந்தது ஐயா.
அப்போது அவன் தின்றது மசித்த கேரட்.’

சிரிப்பு நின்றதை எழுதக் குறியீடு கிடையாது.

அவள் காகிதத்தைப் பார்க்காமல் பேசினாள்:
‘எங்கள் ஊரில் இதற்குச் சர்க்கரை என்றே பெயர்.
பெயர் வைத்த கையோடு
பழியையும் வைத்துவிட்டார்கள்.
புற்று வந்த வீட்டுக்குச் சூப் கொண்டுவருகிறார்கள்.
எங்கள் வீட்டுக்கு அறிவுரை கொண்டுவருகிறார்கள்.
நாங்கள் தின்று தேடிக்கொண்டது என்று நம்புகிறவரை
நீங்கள் ஏன் பணம் ஒதுக்கப்போகிறீர்கள்…’

அங்கேதான் அந்த ஒலி.
மூன்று கீச்சு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று.

தலைவர் மணியைத் தட்டினார்:
‘கைப்பேசியை அணையுங்கள்.’

‘கைப்பேசி இல்லை,’ என்றாள்.
‘இவன் இடுப்பில் இருப்பது. அணைக்க முடியாது.’

நவம்பரில் பையனுக்கு வியர்த்தது.
ஏதோ சொன்னான்; சொல்லுக்கு முள்ளெலும்பு இல்லை.
அவள் கைப்பையைக் கவிழ்த்தாள்:
சாவி, சீப்பு, பேருந்துச் சீட்டு,
தாமதமான பயணத்தில் உறிஞ்சித் தீர்ந்த
பழச்சாற்றின் காலிப் பொட்டலம்.
காப்பிக்கடை இரண்டு மாடி கீழே.

என் இழுப்பறைக்குப் பூட்டு உண்டு.
திறந்தேன்.
கடை கடையாய்க் கேட்காமல் எடுத்துவந்த
சர்க்கரைப் பொட்டலங்கள், வரிசையாய்.
பக்கத்தில் குளுக்கோஸ் வில்லைகள்.
பக்கத்தில் ஒரு பேனா,
எழுதாத பேனா.

நான்கு பொட்டலம் கிழித்து நாக்கில் கொட்டினேன்.
பையன் மென்றான். மணல் மெல்லும் சத்தம்.
குற்றம் சுமந்த அதே வெள்ளைத் துகள்
அவன் முகத்துக்கு நிறத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது.

ஃபெனு பையனைப் பார்க்கவில்லை.
திறந்துகிடந்த இழுப்பறையைப் பார்த்தார்.
‘நீங்களுமா, கவீனா?’ என்றார்,
யாரையோ திருடும்போது பிடித்த குரலில்.

சுருக்கெழுத்தாளர் அவையில் பேசக்கூடாது, விதி.
பேசவில்லை.
இத்தனை வருடம் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்குப் பின்னே
வயிற்றைக் கிள்ளி, மூச்சடக்கி,
ஊசித் தொப்பியை மூடும் ‘டிக்’ சத்தத்தை
தண்ணீர்க் குழாய் திறந்து மறைத்ததற்கு
விதி எதுவும் சொல்லவில்லை.
நானே போட்டுக்கொண்டது.

இரவில் சுத்தப் பிரதி எடுத்தேன்.

*4:41 முதல் 4:52 வரை அவை இடைநின்றது.
பொருள் ஏழு, நேரமின்மையால்,
பிப்ரவரிக்கு ஒத்திவைக்கப்பட்டது.*

‘சிரிப்பு’ என்ற சொல்லின் மேல் கை நின்றது.
அழித்தால் யாருக்கும் தெரியாது.
இருக்கட்டும், அது அவர்களுடையது.

பிறகு பிப்ரவரியில் பேச விரும்புவோர் பட்டியல்.
தெயானா, கிரேகா.
அதன் கீழே என் பெயரை
என் கையெழுத்திலேயே எழுதினேன்,
இத்தனை நாளில் முதல்முறையாகச்
சுருக்காமல்.

இப்போது ஒரே கவலை.
எனக்கும் மூன்று நிமிடம் தருவார்கள்.
அந்த மூன்று நிமிடம் இந்த நாற்காலியில்
யாரையாவது உட்காரவைக்க வேண்டும்.
வேகமாக எழுதுகிறவர் யாராவது.